விளக்காகிவிட்ட குப்பைப் பைகள்

காலைக் கொடியேற்றம் முடிந்து, தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் தன் பெயரைச் சொன்னபோது யூன்ஷூவுக்கு முதலில் பயம்தான் வந்தது. அந்தப் பள்ளியில் ஒருவர் பெயர் ஒலிபெருக்கியில் வந்தால், கழிப்பறையில் சிகரெட்டோடு பிடிபட்டிருப்பார், இல்லை யார் மண்டையையோ உடைத்திருப்பார். "எட்டாம் வகுப்பு மாணவி கோ யூன்ஷூ செய்த மரச்செதுக்கு அச்சுப் படம், மாணவர் கலைப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறது" என்று அவர் சொல்லி முடித்த பிறகும் அவள் கை தட்டிக்கொண்டே நின்றாள். பக்கத்தில் நின்ற பாவ்லிங் முழங்கையால் இடித்த பிறகுதான் தட்டுவதை நிறுத்தினாள்.

"உனக்கே நீ தட்டிக்கிறியேடி, லூசு!" என்றாள் பாவ்லிங். "இனி என்ன, நகரத்துக் கலைப் பள்ளியில உனக்கு இப்பவே துண்டு போட்டு இடம் பிடிச்சாச்சு."

கலைப் பள்ளி என்றதும் யூன்ஷூ அவள் வாயைப் பொத்தினாள். ஒரு வருடமாக மனதுக்குள்ளேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்த ஆசை அது. அந்தப் பள்ளியின் ஓவியப் பிரிவில் சேர, பரீட்சை மதிப்பெண் மட்டும் போதாது, இதுமாதிரி ஒரு பரிசும் வேண்டும். கணக்கில் அவள் வாங்கும் மதிப்பெண்ணைப் பார்த்தால் பரிசைத் தவிர வேறு வழியில்லை.

தலைமையாசிரியர் அறைக்கு வெளியே கண்ணாடிப் பெட்டியில் படத்தை மாட்டியிருந்தார்கள். இருவரும் ஓடினார்கள். யூன்ஷூ முன்னால் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது இல்ல, இது வேற யாரோடதோ" என்று அடுத்த பெட்டிக்கு நகர்ந்தாள். அடுத்த பெட்டியில் கூடைப்பந்துக் கோப்பைகள்தான் இருந்தன.

"கீழ பாருடி, உன் கையெழுத்துதான்" என்றாள் பாவ்லிங்.

படத்துக்குக் கீழே, பென்சிலில், யூன்ஷூ என்று இருந்தது. அவளுடைய எழுத்துதான். அதற்குப் பக்கத்தில் வேறு கையால், 'விளக்குத் திருவிழா இரவு' என்று தலைப்பு.

யூன்ஷூ செதுக்கியது விளக்குத் திருவிழாவை அல்ல. குப்பை வண்டியை.

தைவானின் மேற்குக் கரையில், உப்புக்காற்று கதவின் கீலைக்கூடத் தின்றுவிடுகிற ஊர் அது. நாட்டில் மற்ற இடங்களைப்போலவே அங்கேயும் குப்பை தரையில் படக்கூடாது, அது சட்டம். சாயங்காலம் வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வரும். சந்து முனையில் ஊரே பையும் கையுமாக நிற்கும். வண்டி நின்றதும் அவரவர் பையை அவரவரே வீசவேண்டும். அந்த வண்டியின் பின்படியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறவள் யூன்ஷூவின் அம்மா. முகமூடியைத் தாடைக்கு இழுத்துவிட்டு, "சோத்துக் கழிவை அந்த வாளியில! பாட்டிலைத் தனியா!" என்று அவள் போடுகிற சத்தத்தில் வண்டியின் பாட்டே அமுங்கிப்போகும்.

அதைத்தான் அவள் செதுக்கியிருந்தாள். அச்சுப் பலகையில் உளி தொட்ட இடம் காகிதத்தில் வெள்ளையாக வரும், தொடாத இடம் கறுப்பாக வரும். முதல் நாள் ஓவிய வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். வானத்தை அவள் தொடவேயில்லை; முழுக் கறுப்பு. காத்து நிற்கிறவர்கள் கையில் தொங்கும் பைகளையும் தொடவில்லை. கனமான கறுப்பு மூட்டைகள். அம்மாவின் சட்டையில் மட்டும் குறுக்கே இரண்டு பட்டை, வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை, சுத்தமான வெள்ளையாக. அம்மாவின் வாய் திறந்திருக்கும். அந்த வாய்க்காக அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். மூன்று பலகைத் துண்டுகளில் பழகிப் பார்த்துவிட்டுத்தான் நிஜப் பலகையில் கை வைத்தாள்.

கண்ணாடிக்குள் இருந்த படத்தில் அந்த மூட்டைகளிலிருந்து கதிர்கள் கிளம்பியிருந்தன. ஒவ்வொரு மூட்டைக்கும் கீழே குஞ்சம். வண்டியின் பக்கவாட்டில் பூமாலையும் கொடியும். அம்மாவின் சட்டை ஓரத்தில் பொடிப் பொடியாகப் பூக்கள். திறந்த வாயின் இரண்டு ஓரத்திலும் மேல்நோக்கி ஒரு வெட்டு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அவ்வளவுதான், அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தானேடி இருக்கு" என்றாள் பாவ்லிங், மெதுவாக.

யூன்ஷூவின் காது இரண்டும் கொதித்தன.

இது எப்படி நடந்தது என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. பரீட்சை நெருங்கினால் அவர்கள் பள்ளியில் ஓவிய வகுப்பைக் கணக்கு ஆசிரியர் இரவல் வாங்கிக்கொள்வார். இரவல் என்றுதான் சொல்வார். திரும்ப வந்ததாக யாருக்கும் நினைவில்லை. பலகை செதுக்கி முடித்த வாரம் பார்த்து இரவல் ஆரம்பித்தது. மை பூசி அச்செடுக்க நேரமில்லை, அனுப்பவேண்டிய தேதியோ வந்துவிட்டது. ஓவிய ஆசிரியர் லியாவ், கணக்கு வகுப்பின் வாசலில் வந்து நின்று, வெள்ளைக் காகிதங்களை நீட்டினார். "பேரை மட்டும் கீழ எழுதிக் குடுங்க, அச்சு நான் எடுத்துக்கறேன்." வரிசையில் இருந்த எல்லோரும் எழுதினார்கள். இவளும் எழுதினாள். வெறுங்காகிதத்தில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, சமன்பாட்டைத் தீர்க்க உட்கார்ந்துவிட்டாள். இப்போது அதை நினைத்தபோது லியாவ் மேல் வந்த கோபத்தில் ஒரு பங்கு தன் மேலேயே திரும்பியது. அது இன்னும் எரிந்தது.

மதிய உறக்கத்துக்கு மணி அடித்து, பள்ளி முழுக்க மேசையில் தலை கவிழ்த்துப் படுத்திருந்த நேரத்தில் அவள் எழுந்து ஓவிய அறைக்குப் போனாள்.

லியாவ் தேநீர்க் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர், விரல் இடுக்கில் எப்போதும் மை. கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிடவேண்டும். சனி ஞாயிறுகளில் வந்து பிள்ளைகளின் உளியைத் தீட்டி வைப்பார். பிள்ளைகள் விரலை வெட்டிக்கொண்டால் முதலில் முகம் வெளுப்பது அவருக்குத்தான்.

"வாம்மா, வா! நட்சத்திரம் வந்துடுச்சு!" என்றார்.

"சார், என் பலகையில யார் கை வச்சது?"

"கை வச்சதுன்னா?"

"அந்த விளக்கெல்லாம் யார் செதுக்கினது?"

"ஓ, அதுவா." அவர் சிரித்தார். "கொஞ்சம் மெருகு போட்டேன். படம் உன்னோடதுதான். படத்தோட அமைப்பு, ஆளுங்க நிக்கிற விதம், அந்த வண்டியோட சாய்வு, எல்லாம் நீ. நான் நகைநட்டுப் போட்டுவிட்டேன், அவ்வளவுதான்."

"அது குப்பைப் பை சார்."

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா? நடுவருங்களுக்குத் தெரியக்கூடாதுல்ல." குரலைத் தாழ்த்தினார். "இத்தனை வருஷம் நான் படம் அனுப்பறேன். எது ஜெயிக்கும்னு எனக்குத் தெரியும். கோயில் திருவிழா ஜெயிக்கும். சந்தை ஜெயிக்கும். மீன்காரம்மா சிரிச்சா ஜெயிக்கும். குப்பை வண்டிக்கு எவன் மெடல் குத்துவான்? நீயே சொல்லு."

"என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ என்ன சொல்லியிருப்ப?"

"வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கலை."

பாருங்கள், எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார். யூன்ஷூவுக்கு மேசைமேல் இருந்த மைப் புட்டியை எடுத்து அந்தத் தேநீர்க் குடுவைக்குள் கவிழ்க்கவேண்டும்போல் கை பரபரத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

லியாவ் அலமாரியைத் திறந்து ஒரு புதுப் பலகைத் துண்டை எடுத்து நீட்டினார். "இப்ப இதுதான் முக்கியம். இறுதிச் சுற்றுக்கு நேர்ல போகணும். படத்துல ஒரு பகுதியை நடுவர் முன்னாடி நீயே செதுக்கிக் காட்டணும். வேற யாரும் செஞ்சு குடுக்கலைன்னு உறுதி பண்ணிக்கத்தான். அதனால இன்னைலேர்ந்து தினம் சாயங்காலம் என்கிட்ட வந்து விளக்கு செதுக்கிப் பழகு. கதிரை ஒரே இழுப்புல இழுக்கணும், தயங்கினா தெரிஞ்சுடும்."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. "நீங்க செஞ்சதை நான் செஞ்ச மாதிரி செய்யப் பழகணுமா?"

"உன் படத்தை நீ பழகிக்கணும்."

அவள் பலகைத் துண்டை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டதற்காகவும் தன்னைத் திட்டிக்கொண்டே நடந்தாள்.

சாயங்காலம் வண்டிப் பாட்டுக் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு சந்து முனைக்குப் போனாள். பாவ்லிங்கின் அத்தை, இஸ்திரிக் கடைக்காரர், செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்த டியூஷன் பையன் என்று எல்லோரும் பையோடு நின்றார்கள். அம்மா பின்படியிலிருந்து குதித்தாள்.

"அத்தை, அந்த எலும்பெல்லாம் வாளிக்குப் போகாது! அது பன்னிக்குப் போடறது, கடிச்சா பல்லு உடையும்!"

"உன் வாய்க்குப் பயந்தே நான் எலும்பு திங்கறதை விட்டுட்டேன்" என்றாள் அத்தை.

யூன்ஷூ கைப்பேசியில் எடுத்திருந்த படத்தை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அம்மா கையுறையைக் கழற்றாமல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அட, அழகா இருக்கே! இதுக்கா பரிசு குடுக்கப் போறாங்க? எந்த ஊர்க் கோயில் இது?"

"கோயில் இல்லம்மா. நம்ம வண்டி."

"எங்க?"

"இதோ. இது நீ."

அம்மா மறுபடி பார்த்தாள். பின்னால் கூட்டம் பைகளை வீசிக்கொண்டிருந்தது. "இது நானா? எதுக்கு இப்படி இளிச்சுக்கிட்டு நிக்கிறேன்? இந்த நாத்தத்துல எவ சிரிப்பா?" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். "என் சட்டைல பூ வேற. கேட்டிருந்தா நான் நல்ல சட்டையாவே போட்டுக்கிட்டு வந்திருப்பேனே."

"சார் மாத்திட்டாரும்மா. என்னைக் கேக்காம."

"மாத்தினா பரிசு வருமா?"

"வரும்னு சொல்றாரு."

"பரிசு வந்தா அந்தப் பள்ளிக்கூடத்துல சேத்துப்பாங்களா?"

யூன்ஷூ கைப்பேசியைக் கீழே இறக்கினாள்.

"அப்ப என்னடி உனக்கு? என்னை விளக்கா செதுக்கட்டும், ஆனையா செதுக்கட்டும். நீ போய்ச் சேரு." ஓட்டுநர் ஒலிப்பானை அடித்தார். அம்மா படியில் தாவி ஏறினாள். வண்டி நகர்ந்தபோது முகமூடியை மேலே இழுத்துக்கொண்டாள். தன் கையிலிருந்த பையை வீச மறந்துவிட்டதை யூன்ஷூ அப்போதுதான் பார்த்தாள். அடுத்த சந்துவரை வண்டிக்குப் பின்னால் ஓடவேண்டியதாயிற்று. ஓடும்போது கோபத்தில் அழுகை வந்தது. கோபப்பட ஒரு ஆள்கூடத் துணைக்கு இல்லையே என்றுதான் அழுதாள்.

அந்த வாரம் முழுக்க அவள் ஓவிய அறையில் விளக்கு செதுக்கினாள். நன்றாகவே செதுக்கினாள், அதுதான் கொடுமை. கதிர் ஒரே இழுப்பில் வந்தது, குஞ்சம் மயிரிழைபோல் விழுந்தது. "இதான், இதேதான்!" என்று லியாவ் துள்ளினார். வகுப்பில் பின்வரிசைப் பையன்கள், "டேய், குப்பை ராணி இப்ப விளக்கு ராணி ஆயிட்டா" என்றார்கள். முன்பெல்லாம் 'குப்பை ராணி' என்றால் திரும்பிப் பார்த்து ஒரு சொல் சொல்லிவிட்டு விட்டுவிடுவாள். இப்போது 'விளக்கு ராணி' என்றதும் எழுந்துபோய் அப்படிச் சொன்னவனின் பென்சில் பெட்டியை ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். வகுப்பாசிரியர் அவளை நடைக்கூடத்தில் நிற்கவைத்தார். நின்ற இடத்துக்கு நேரெதிரே அந்தக் கண்ணாடிப் பெட்டி.

சனிக்கிழமை லியாவின் காரில் நகரத்துக்குப் போனார்கள். பெரிய கூடம். ஆளுக்கு ஒரு மேசை, ஒரு சின்னப் பலகை, மை, உருளை, காகிதம். மேசையின் ஓரத்தில் ஒவ்வொருவரின் படமும் ஒட்டப்பட்டிருந்தது. ஆசிரியர்களும் பெற்றோரும் வெளியே நிற்கவேண்டும். உள்ளே போகுமுன் லியாவ் அவள் தோளைத் தட்டினார். "வலது ஓரத்துல இருக்கிற அந்த ரெண்டு பேரு, ரெண்டு விளக்கு. அதைச் செஞ்சாப் போதும். பதறாதே."

அவள் உட்கார்ந்தாள். உளியை எடுத்தாள். விளக்கைச் செதுக்கத்தான் உட்கார்ந்தாள்; பொய் சொல்லக்கூடாது. கலைப் பள்ளியின் உயரமான ஜன்னல்கள் அவள் கண்ணுக்குள் நின்றன. இரண்டு உருவங்களை வரைந்து, சுற்றி இருந்த மரத்தை எடுத்தாள். தோள், முழங்கை, செருப்பு. கையில் தொங்குகிற உருண்டை. அந்த உருண்டையில் உளியை வைத்தாள்.

கை அங்கேயே நின்றது.

சுற்றிலும் பார்த்தாள். பக்கத்து மேசையில் கோயில் பல்லக்கு. அதற்கடுத்து விளக்கு. முன்னால் இருந்தவனின் படத்தில் சிரிக்கிற மீன்காரம்மா. அந்தப் பையன் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரே இழுப்பில், தயங்காமல், மீன்காரம்மாவின் சிரிப்பைச் செதுக்கிக்கொண்டிருந்தான். இவன் எத்தனை சாயங்காலம் பழகினானோ. இவனுடைய மீன்காரம்மா முதலில் எப்படி இருந்தாளோ.

அவள் உளியை உருண்டையிலிருந்து எடுத்தாள். மையை உருட்டி அப்படியே அச்செடுத்தாள். இரண்டு பேர். கையில் இரண்டு கறுப்பு மூட்டை.

நடுவர் ஒருவர் வந்து நின்றார். சங்கிலி கோத்த கண்ணாடி போட்ட பெண்மணி. சின்னப் படத்தையும் பெரிய படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "கண்ணு, இந்தக் கதிரெல்லாம் விட்டுட்டியே. இன்னும் நேரம் இருக்கு. அந்த மூட்டைல நாலு கோடு இழுத்துடு. நான் ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் தாங்கமுடியாமல் போயிற்று. ஆசிரியர்கள் கை வைப்பது இவருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்தேயிருக்கிறது.

"அது விளக்கு இல்ல, டீச்சர்!" யூன்ஷூ எழுந்தே நின்றுவிட்டாள். குரல் கூடத்தின் மூலைவரை போனது. அம்மாவின் குரல்தான் அது, வண்டிப் பாட்டை அமுக்குகிற குரல். "குப்பைப் பை! இவங்க குப்பை கொட்ட நிக்கிறாங்க! விளக்கை நான் செதுக்கலை!"

உருளைகள் நின்றன. மீன்காரம்மா பையன் திரும்பிப் பார்த்தான். அவன் காதும் சிவந்துவிட்டது. நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். இத்தனை பேர் கேட்டபிறகு அவரால் சுற்றப் போகமுடியாது. "அப்ப யார் செதுக்கினது?" என்று கேட்டார். அவள் சொன்னாள்.

வெளியே வந்தபோது லியாவுக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. கையில் இரண்டு சாப்பாட்டுப் பெட்டியோடு காரின் பக்கத்தில் நின்றார். பொரித்த கோழித்தொடை வாசனை வந்தது.

"சந்தோஷமா?" என்றார். "உன் இடமும் போச்சு, என் பேரும் போச்சு. இனிமே நம்ம பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒரு படம் அனுப்ப முடியாது. யாருக்காகச் செஞ்சேன் நான்? எனக்கா மெடல்?"

"என் பலகையைக் குடுங்க."

"எந்த முகத்தோட—"

"என் பலகை சார். கார்லதானே இருக்கு, குடுங்க."

அவர் பின்பெட்டியைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றியிருந்த பலகையை எடுத்து அவள் நெஞ்சில் இடிக்காத குறையாக நீட்டினார். அவள் அங்கேயே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தாள். மடியில் பலகையை வைத்து, பையிலிருந்து அகல உளியை எடுத்தாள்.

செதுக்கிய மரத்தை யாராலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. எடுக்க மட்டும்தான் முடியும். அவள் எடுத்தாள். முதல் விளக்கைக் கதிரோடு, குஞ்சத்தோடு, அடியோடு வழித்தெறிந்தாள். கறுப்பு மூட்டையாக இருந்து விளக்காகிப்போனது, இனி வெள்ளை மூட்டையாக விழும். ஊரில் வெள்ளைப் பை பிடிக்கிறவர்களும் உண்டுதானே. இரண்டாவது. மூன்றாவது. சிராய்கள் அவள் காலணிமேல் விழுந்தன. வண்டியின் மாலையை வழித்தாள், கொடியை வழித்தாள், சட்டை ஓரத்துப் பூக்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தாள்.

"பைத்தியமா உனக்கு? கையை வெட்டிக்கப் போற!" என்று லியாவ் கத்தினார். ஆனாலும் பக்கத்தில் வரவில்லை. கூடத்திலிருந்து வெளியே வந்த பிள்ளைகளும் பெற்றோர்களும் ஒதுங்கி நடந்தார்கள்.

முகத்துக்கு வந்தாள். கட்டைவிரல் நகமளவு முகம். வாயின் இரண்டு ஓரத்திலும் இரண்டு வெட்டு. உளியை மெல்லிசாக மாற்றினாள். இந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாள். பலகையைத் திருப்பிவைத்துப் பார்த்தாள். கன்னத்தை எடுத்தால் தாடை போகும். தாடையை எடுத்தால் தாடைக்கு இழுத்துவிட்ட அந்த முகமூடி போகும். பிறகு அது அம்மாவாகவே இருக்காது.

"இதை எப்படி சார் எடுக்கிறது?" தலை நிமிராமல் கேட்டாள்.

லியாவ் தெருவைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கிறேன். ரெண்டே ரெண்டு வெட்டு. எப்படி எடுக்கிறது, சொல்லுங்க!"

அவர் சாப்பாட்டுப் பெட்டிகளைக் காரின் மேல் வைத்துவிட்டு வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு முழங்காலை மடக்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மை ஏறிய சுட்டுவிரலால் அந்த முகத்தைத் தடவினார். வெகுநேரம் தடவினார். செதுக்கத் தெரிந்தவரின் விரல் அது, பொய் சொல்லத் தெரியாது.

"எடுக்க முடியாதும்மா" என்றார்.

"தெரியும்" என்றாள் யூன்ஷூ. "எனக்கும் தெரியும். உங்க வாயால வரணும்னுதான் கேட்டேன்."

பலகையைச் செய்தித்தாளில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். காரைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். பின்னால் அவர் பெயர் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.